‘மைனர்’ என்பது அளவைக் குறிக்கும் சொல் அன்று

சிறு வன மகசூல், சிறு கனிமம், சிறுபாசனம், சிறு துறைமுகம். நம் ஆய்வேடுகளிலும் கருத்தரங்கக் கட்டுரைகளிலும் இந்தத் தொடர்கள் எவ்வித ஐயமுமின்றி நடமாடுகின்றன. நான்கிலும் ‘சிறு’ என்று நாம் எழுதுவது ‘மைனர்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லைத்தான். ‘மைனர் ஆபரேஷன்’, ‘மைனர் ஆக்சிடென்ட்’ என்று எல்லோரும் அன்றாடம் புழங்கும் சொல். ‘சின்னது, கவலைப்பட ஒன்றுமில்லை’ என்று பொருள் கொள்ளும் சொல். அதே பொருளோடு அதைச் சட்டத்திலிருந்து எடுத்து ஆய்வுக்குள் வைத்துவிடுகிறோம்.

இது வெறும் மொழிபெயர்ப்புத் தகராறு என்று சிலர் கருதலாம். என் வாதம் வேறு. இந்திய நிர்வாக மொழியில் ‘மைனர்’ என்பது ஒரு பொருளின் அளவைக் கூறவில்லை; அப்பொருள் யாருடைய கணக்கில் எந்தத் தட்டில் வைக்கப்பட்டது என்பதைக் கூறுகிறது. அதைச் ‘சிறு’ என்று எழுதும் ஆய்வாளர் அரசின் ஒரு தீர்ப்பை இயற்கையின் ஒரு பண்பாக மாற்றிக் கொடுக்கிறார். அத்தீர்ப்பின் பயனை யார் அனுபவிக்கிறார்கள், இழப்பை யார் சுமக்கிறார்கள் என்ற கேள்வி அந்த இரண்டெழுத்துக்குள் மறைந்துபோகிறது.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். இலத்தீனில் சிறியது என்பதற்கு ‘பார்வுஸ்’ என்று பெயர். ‘மினோர்’ அதன் ஒப்பீட்டு வடிவம்; ‘மினிமுஸ்’ உச்ச வடிவம். ஆகவே ‘மைனர்’ என்பதற்கு நேர்ப்பொருள் ‘சிறியது’ அன்று, ‘மேலும் சிறியது’, ‘குறைந்தது’ என்பதே. ஒன்றோடு ஒப்பிட்டால்தான் அச்சொல்லுக்கு உயிர். ஒப்பிடப்படும் மற்றொன்றை எடுத்துவிட்டால் அது அந்தரத்தில் தொங்கும். அமைச்சரைக் குறிக்கும் ‘மினிஸ்டர்’ என்ற சொல்லும் இதே வேரின் கிளை. இலத்தீனில் அதற்குப் பணியாளர் என்று பொருள். குறைந்தவர் என்ற பொருளுடைய வேரிலிருந்து ஒரு சொல் ஆட்சிக்கட்டிலில் ஏறியதையும், இன்னொரு சொல் காட்டில் தேன் எடுப்பவரின் கூடையில் ஒட்டிக்கொண்டதையும் கவனித்தால், சொல்லின் பொருளை நிர்ணயிப்பது அகராதி மட்டுமன்று என்பது புலப்படும்.

தமிழில் பெயரடைக்கு ஒப்பீட்டு வடிவம் கிடையாது. ‘சிறு’ என்ற அடை ஒன்றை மட்டும் நோக்கிச் சொல்லும் சொல். ஒப்பிட வேண்டுமானால் ‘மலையைவிடச் சிறிது’, ‘மலையினும் சிறிது’ என்று ஒப்பிடப்படுவதன் பெயரைச் சொல்லியே தீரவேண்டும். நம் இலக்கணம் அதை நமக்கு விலக்கித் தரவில்லை. ‘மைனர்’ என்பதை நேர்மையாகத் தமிழாக்க முனைந்திருந்தால், மொழியே நம்மை நிறுத்தி ‘எதைவிட?’ என்று கேட்டிருக்கும். ‘சிறு’ என்று போட்டுக் கடந்தபோது அந்தக் கேள்வியைத் தவிர்த்தோம். ஆங்கிலத்தில் பாதி மறைந்திருந்த ஒப்பீடு தமிழில் முழுமையாக மறைந்தது.

அந்தக் கேள்வியை ஒவ்வொரு தொடரிடமும் கேட்டுப் பார்ப்போம்.

காட்டிலிருந்து தொடங்குகிறேன். 1864இல் டீட்ரிக் பிராண்டிஸின் தலைமையில் இந்திய வனத்துறை அமைக்கப்பட்டபோது அரசின் கண்முன் நின்றவை தேக்கும் சாலும் தேவதாருவும். கப்பலுக்கும் இரயில் பாதையின் குறுக்குக் கட்டைக்கும் மரம் தேவைப்பட்டது. துறையின் ஆண்டறிக்கைகளில் வெட்டுமரமும் விறகும் ‘மேஜர்’ பிரிவில் இடம்பெற்றன. தேன், மெழுகு, அரக்கு, பிசின், கடுக்காய், மகுவாப் பூ, மூங்கில், புல், கிழங்கு ஆகிய எஞ்சியவை யாவும் ‘மைனர்’. எதைவிடக் குறைந்தவை? மரத்தைவிட. யாருக்குக் குறைந்தவை? துறையின் வருவாய்க் கணக்கருக்கு. காட்டில் வாழ்ந்தவர்களின் கணக்கில் வரிசை தலைகீழாக இருந்திருக்கும். நடு இந்தியாவில் மகுவாப் பூ உதிரும் பங்குனி, சித்திரைக் காலத்தில், தானியம் தீர்ந்துபோன வீட்டுக்கு அதுவே உணவு, அதுவே பண்டமாற்று, அதுவே கையில் புரளும் காசு. அங்கே மரம் வெட்டும் குத்தகைதான் வாழ்க்கையின் ஓரத்தில் நடந்த வேலை. அரசின் ஆவணங்களே இன்று ஏறக்குறைய 10 கோடிப் பேர் இத்தகைய விளைபொருள்களைச் சார்ந்து வாழ்வதாகக் கூறுகின்றன. பத்துக் கோடிப் பேரின் பிழைப்பைக் குறிக்கும் சொல்லுக்கு முன் ‘சிறு’ என்று எழுதும்போது நம் பேனா சற்றேனும் தயங்க வேண்டாமா?

‘அது ஒரு கலைச்சொல், வரையறை உண்டு, அதற்குமேல் பொருள் தேடக்கூடாது’ என்பது வழக்கமான மறுமொழி. வரையறையின் வரலாற்றையே பார்ப்போம். 1996இல் இயற்றப்பட்ட, பட்டியல் பகுதிகளுக்கான ஊராட்சி விரிவாக்கச் சட்டம் இந்த ‘மைனர்’ விளைபொருள்களின் உடைமையைக் கிராம சபைக்கும் ஊராட்சிக்கும் அளிக்கச் சொன்னது. ஆனால் ‘மைனர்’ என்றால் எவை என்று அச்சட்டம் வரையறுக்கவில்லை. எது விலைபோகிறதோ அதை அந்த வட்டத்துக்கு வெளியே நிறுத்த இந்த மௌனம் போதுமானதாக இருந்தது. பத்து ஆண்டுகள் கழித்து 2006இன் வன உரிமைச் சட்டம்தான் மூங்கில், பிரம்பு, தேன், அரக்கு, தேந்து இலை, மூலிகை, கிழங்கு என்று பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. அப்படிப் பெயர் சொல்லிய பிறகும் மூங்கில் எளிதில் கைமாறவில்லை. 1927இன் இந்திய வனச் சட்டத்தில் ‘மரம்’ என்பதன் வரையறைக்குள் மூங்கில் இருந்தது. தாவரவியலில் புல்லாகிய ஒன்று சட்டத்தில் மரமாக நின்றது. அந்த வரையறையைப் பற்றிக்கொண்டு வனத்துறைகள் பல இடங்களில் பிடியை விடவில்லை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்திலுள்ள மேண்டா லேகா கிராமத்தின் சபைக்கு, தன் காட்டு மூங்கிலை விற்பதற்கான போக்குவரத்து அனுமதிப் புத்தகம் 2011 ஏப்ரலில்தான் வழங்கப்பட்டது. அதை வழங்க ஒன்றிய அமைச்சராக இருந்த ஜெயராம் ரமேஷ் நேரில் செல்ல வேண்டியிருந்தது. ‘மரம்’ என்ற வரையறையிலிருந்து மூங்கில் நீக்கப்பட்டது 2017இல். அதுவும் காட்டுக்கு வெளியே மூங்கில் வளர்ப்போருக்கு வெட்டவும் கொண்டுசெல்லவும் இருந்த தடையை நீக்குவதற்காக.

தேந்து இலையின் கதை இன்னும் தெளிவானது. பீடி சுற்றப் பயன்படும் இந்த இலை துறையின் பட்டியலில் ‘மைனர்’. ஆனால் 1964இல் மத்தியப் பிரதேச அரசு தனிச் சட்டம் இயற்றி அதன் வணிகத்தைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. உண்மையிலேயே அற்பமான ஒரு பொருளுக்கு எந்த அரசாவது ஏகபோகச் சட்டம் இயற்றுமா? வருவாய் வருமென்றால் அரசுக்குப் பெரியது; பறித்தவர் தன் உரிமையைக் கேட்டால் சிறியது. ஒரே இலை, ஒரே சொல், இரு எடைக்கற்கள்.

அடுத்து நிலத்துக்கு அடியில் செல்வோம். 1957இன் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் கட்டடக் கல், சரளை, களிமண், மணல் ஆகியவற்றை ‘மைனர்’ கனிமங்கள் என்கிறது. களிமண்ணுக்கும் மணலுக்கும் முன்னால் ‘சாதாரண’ என்ற அடையையும் சேர்த்திருக்கிறது. இவை தவிர, ஒன்றிய அரசு அறிவிக்கை மூலம் எதை ‘மைனர்’ என்கிறதோ அதுவும் ‘மைனர்’. இந்தக் கடைசிப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். அளவோ எடையோ அரிதாகக் கிடைப்பதோ எதுவும் அங்கே நிபந்தனை இல்லை. அறிவித்தால் சிறியது, அவ்வளவே. நீருக்கு அடுத்தபடியாக மனிதகுலம் மிக அதிகமாகப் பயன்படுத்தும் வளம் மணலும் சரளையும் என்றும், ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 கோடி டன் எடுக்கப்படுகிறது என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கூறுகிறது. ஆற்றின் படுகையைக் கீழிறக்கி, கரைக் கிணறுகளை வற்றச்செய்து, பாலங்களின் அடித்தளத்தை வெளிக்காட்டும் ஒன்றுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘சிறு’ கனிமம்.

அந்தப் பெயர் நடைமுறையில் என்ன செய்தது என்பதற்கு ஒரு வழக்கே சான்று. 2006இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 5 ஹெக்டேருக்குக் குறைவான சுரங்கக் குத்தகைகளுக்கு முன் அனுமதி தேவையில்லாதிருந்தது. ஹரியானாவில் ஆற்றுப்படுகைகளை அந்த எல்லைக்குள் அடங்குமாறு துண்டுபோட்டு ஏலம் விட்டார்கள். தீபக் குமார் எதிர் ஹரியானா அரசு என்ற அவ்வழக்கில் 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, பரப்பு எவ்வளவாக இருந்தாலும் அனுமதி பெறவேண்டும் என்றது. கனிமம் சிறியது, குத்தகையும் சிறியது. ஆனால் அழிந்தது ஒரு முழு ஆறு. ‘மைனர்’ என்ற சொல் ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்திப் பார்க்கும். கூட்டிப் பார்க்க விடாது. அதன் பயன் அங்கேதான் இருக்கிறது.

இதற்கும் மேலான சான்று அப்பிரகம், நம் பேச்சில் காக்காய்ப்பொன். 2015 பிப்ரவரியில் ஒன்றிய அரசு 31 கனிமங்களை ‘மைனர்’ என அறிவித்தது. அப்பிரகம் அவற்றுள் ஒன்று. 2025 பிப்ரவரியில் அப்பிரகம், குவார்ட்சு, பெல்ட்சுபார், பேரைட்டு ஆகிய நான்கையும் மீண்டும் ‘மேஜர்’ ஆக்கியது. பத்தாண்டுகளில் அந்தப் பாறை வளர்ந்துவிட்டதா? அப்பிரகம் கிடக்கும் அதே பாறைகளில் லித்தியம் போன்ற அரிய கனிமங்கள் இருக்கக்கூடும் என்பது முக்கியமானதாகிவிட்டது. பாறை அப்படியே இருக்கிறது. அதை விரும்புவோர் மாறிவிட்டார்கள். ‘மைனர்’ என்பதற்கு இந்திய நிர்வாகத்தில் நான் கண்ட மிகச் சரியான பொருள் இதுதான்: வேண்டும் என்று மேலே இருப்பவருக்குத் தோன்றும்வரை கீழே விடப்பட்டிருப்பது.

ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடீ மாவட்டங்களில் கைவிடப்பட்ட சுரங்கங்களின் கழிவுமேட்டில் அப்பிரகச் சில்லுகளைப் பொறுக்கும் குழந்தைகளைப் பற்றிப் பல ஆண்டுகளாகச் செய்திகள் வருகின்றன. அந்தச் சில்லு அழகுசாதனப் பொருளின் மினுமினுப்பாகவும் வண்டிகளின் வண்ணப்பூச்சாகவும் மாறி உலகச் சந்தைக்குச் செல்கிறது. 1875இன் பருவமெய்தற் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதவரை ‘மைனர்’ என்கிறது. ஆகவே அந்த மேட்டில் பத்தாண்டுக் காலம் ‘மைனர்’ ஒருவர் ‘மைனர்’ ஒன்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். சட்டம் முதலாமவரைப் பாதுகாக்கப்பட வேண்டியவர் என்றது. இரண்டாவதை அதிகம் பார்க்கத் தேவையற்றது என்றது. நடைமுறையில் இரண்டாவது பொருளே முதலாமவர் மீதும் படிந்தது. சட்டத்தமிழ் மனிதருக்கு ‘இளவர்’ என்றும் கனிமத்துக்குச் ‘சிறு’ என்றும் வெவ்வேறு சொல் வைத்திருப்பதால், இந்த உறவு தமிழில் கண்ணுக்கே தெரிவதில்லை.

பாசனத்துக்கு வருவோம். 2,000 ஹெக்டேர் வரை பாசனம் பெறத்தக்க பரப்புள்ள திட்டம் ‘மைனர்’, 10,000 ஹெக்டேருக்கு மேல் ‘மேஜர்’, இடைப்பட்டது நடுத்தரம். இங்கேயாவது அளவு உண்டே என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் 1978க்கு முன் இந்தப் பாகுபாடு பரப்பைக்கொண்டு செய்யப்படவில்லை, செலவைக்கொண்டு செய்யப்பட்டது. கிணறு, ஆழ்துளைக் கிணறு, குளம், ஏரி யாவும் இந்தச் ‘சிறு’வுக்குள் அடக்கம். 2017–18ஐ அடிப்படையாகக் கொண்ட ஆறாவது சிறுபாசனக் கணக்கெடுப்பு நாட்டில் 2.31 கோடி திட்டங்களைப் பதிவுசெய்தது, அவற்றுள் 2.19 கோடி நிலத்தடி நீரைச் சார்ந்தவை. இன்று இந்தியாவின் பாசனப் பரப்பில் பாதிக்கு மேல் நிலத்தடி நீரால் விளைகிறது. பெரும்பாலும் உழவர்கள் சொந்தக் காசிலும் கடனிலும் தோண்டிய கிணறுகள் இவை. நாட்டின் சோற்றில் பெரும்பங்கை விளைவிப்பது ‘மைனர்’, அணைகள் ‘மேஜர்’. பாசன வரலாறு என்ற பெயரில் எழுதப்படும் நம் ஆய்வுகளில் அணைகளுக்கு ஓர் இயலும் கிணறுகளுக்கு ஓர் அடிக்குறிப்பும் கிடைப்பதற்கு இந்தச் சொல்லின் பங்கு இல்லை என்று யாராவது உறுதியாகக் கூற முடியுமா? பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போவதைக் கண்டு இப்போது திகைக்கிறோம். ஒவ்வொன்றாக எண்ணியபோது சிறிதாக இருந்ததைக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் நமக்கு ஏற்படவில்லை.

இதுவரை கூறியவற்றிலிருந்து, ‘மைனர்’ என்பது எளியோரைத் தாழ்த்தும் சொல் மட்டுமே என்று முடிவுக்கு வரக்கூடாது. வலியோருக்கு அது குடை. துறைமுகங்களைப் பாருங்கள். ஒன்றிய அரசு ‘மேஜர்’ என்று அறிவித்தவை ‘மேஜர்’. மற்றவை பேச்சுவழக்கிலும் புள்ளிவிவரங்களிலும் ‘மைனர்’. குஜராத்தில் அதானி குழுமம் நடத்தும் முந்த்ரா இந்த இரண்டாம் வகை. 2024–25இல் அது கையாண்ட சரக்கு 20 கோடி டன்னைக் கடந்தது. அதே ஆண்டு ‘மேஜர்’ துறைமுகங்களில் முதலிடம் பெற்ற பாராதீப் கையாண்டது சுமார் 15 கோடி டன். நாட்டின் மிகப்பெரிய வணிகத் துறைமுகம் ‘மைனர்’! 1997 முதல் ஏறக்குறைய கால் நூற்றாண்டு, ‘மேஜர்’ துறைமுகங்களின் கட்டணங்களை ஒழுங்குபடுத்த ஓர் ஆணையம் இருந்தது. ‘மைனர்’ துறைமுகங்கள் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. மேண்டா லேகாவின் மூங்கிலுக்கு ‘மைனர்’ என்ற தகுதியைப் பெறப் போராட வேண்டியிருந்தது. முந்த்ராவுக்கு அது இருந்த இடத்திலேயே கிடைத்தது. ‘சிறு துறைமுகம்’ என்று தமிழில் எழுதும்போது வாசகர் மனத்தில் எழுவது நாலு கட்டுமரமும் ஒரு மரப்பாலமும் கொண்ட காட்சி. அந்தக் காட்சிக்குப் பின்னால் நிற்பதை நாம்தான் மறைத்துக் கொடுத்திருக்கிறோம்.

இந்த முரணைத் தமிழ்ப் பேச்சுவழக்கு எப்போதோ கண்டுகொண்டது. தந்தையை இழந்த ஜமீன் வாரிசு வயது நிரம்பும்வரை சட்டப்படி ‘மைனர்’. அவருடைய சொத்தைக் காப்பு நீதிமன்றம் நிர்வகிக்கும். ஊர் அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ‘மைனர்’ என்ற சொல்லுக்குச் சிறியவர் என்ற பொருளே இல்லை. சில்க் ஜிப்பா, அத்தர் மணம், கழுத்தில் கனத்த சங்கிலி, பொறுப்பற்ற சுகவாசம். இதுதான் தமிழில் ‘மைனர்’. அந்தச் சங்கிலிக்கே ‘மைனர் செயின்’ என்று பெயரும் அமைந்தது. சொத்துள்ள ‘மைனர்’ எவ்வகையிலும் சிறியவர் அல்லர் என்பதை ஊரார் ஒரு சொல்லில் பதிந்துவைத்தார்கள். ஆய்வாளர்களாகிய நாம் அந்த அளவுகூட விழிப்போடு இருப்பதில்லை.

இனி நம் சொந்த வீட்டுக்கு வருவோம். மொழியியல், இலக்கியத் துறைகளில் ‘மைனர் மொழிகள்’ என்ற தொடர் இன்றும் புழங்குகிறது. தமிழில் ‘சிறு மொழிகள்’. எவை அவை? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பீலி மொழியைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டவர்கள் 1.04 கோடிக்கு மேல். கோண்டி பேசுவோர் ஏறக்குறைய 29.8 லட்சம். இரண்டும் எட்டாவது அட்டவணையில் இல்லை. அட்டவணையில் உள்ள சம்ஸ்கிருதத்தைத் தாய்மொழியாகக் குறித்தவர்கள் 24,821 பேர். டோக்ரி, மணிப்புரி, போடோ ஆகிய மூன்றும் தனித்தனியே கோண்டியைவிடக் குறைவானோர் பேசுபவை. அந்த மொழிகளுக்குக் கிடைத்த இடத்தை நான் குறைகூறவில்லை. அவை போராடிப் பெற்றவை, இன்னும் பல மொழிகள் பெறவேண்டியவை. நான் கேட்பது ஒன்றுதான்: ஒரு கோடிப் பேர் பேசும் மொழி எந்த அளவுகோலில் ‘சிறு’? பள்ளிக்கூடம் இல்லை, பாடநூல் இல்லை, பல்கலைக்கழகத் துறை அரிது, நீதிமன்றத்தில் இடமில்லை என்பவை அம்மொழிக்கு இழைக்கப்பட்டவை. அம்மொழியின் பண்புகள் அல்ல. இழைக்கப்பட்டதைப் பண்பாக எழுதுவதுதான் ‘சிறு மொழி’ என்ற தொடரின் வேலை.

இங்கே சிலர் தத்துவத்தைத் துணைக்கழைப்பார்கள். டெல்யூசும் கத்தாரியும் 1975இல் காஃப்காவைப் பற்றி எழுதிய நூலுக்குப் பிறகு ‘மைனர் இலக்கியம்’ என்பது எதிர்ப்பின் பெயராகிவிட்டதே, பின்பு ஏன் அச்சொல்லை வெறுக்க வேண்டும் என்பார்கள். அந்நூல் கூறுவதை ஊன்றிப் படித்தால் விடை அதிலேயே கிடைக்கும். அவர்கள் ‘மைனர்’ என்றது சிறு மொழியில் எழுந்த இலக்கியத்தை அன்று. ஒரு பெருமொழிக்குள் சிறுபான்மையினர் உருவாக்கும் இலக்கியத்தை. பிராக் நகரத்து யூதர் ஒருவர் ஜெர்மன் மொழியில் எழுதிய நிலைமை அது. அந்தக் கருத்தாக்கத்தைத் தூக்கிவந்து கோண்டிப் பாடல் மீதும் பீலிக் கதை மீதும் ஒட்டுவது, தன் மொழியிலேயே நிலைகொண்டு பாடும் ஒருவரை யாரோ ஒரு பெருமொழியின் விருந்தாளியாக்குவதாகும். பஸ்தரின் பாடகர் எந்த மொழிக்குள்ளும் சிறுபான்மையாக நின்று பாடவில்லை. தம் மொழியின் நடுவே நின்றே பாடுகிறார். அவரை ஓரத்தில் நிறுத்தியது நம் நூலக அடுக்கின் வரிசை.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தாண்டிச் செல்ல நான் விரும்பவில்லை. ‘மைனர் என்பதால்தானே மணலும் கல்லும் மாநிலங்களின் கையில் இருக்கின்றன, மைனர் என்பதால்தானே தேனும் மூங்கிலும் கிராம சபைக்குக் கிடைத்தன, இச்சொல்லை அழித்தால் எல்லாவற்றையும் மையம் எடுத்துக்கொள்ளும், எளியோருக்குக் கிடைத்த ஒரே கதவையும் நீங்கள் மூடுகிறீர்கள்’ என்று நண்பர்கள் வாதிடுகிறார்கள். உண்மை, கதவு இருக்கிறது. வன உரிமைச் சட்டத்தின் அந்தப் பிரிவைக் காப்பாற்ற யார் போராடினாலும் நான் அவர்கள் பக்கம். ஆனால் அந்தக் கதவின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அற்பம் என்று கருதி விட்டுக்கொடுத்தது, அற்பமன்று என்று தெரிந்த கணத்தில் திரும்பப் பெறப்படுகிறது. அப்பிரகம் அதற்குச் சாட்சி. தேந்து இலை 1964லேயே சாட்சி. ‘இது சிறியது, ஆகவே உனக்கு’ என்ற அடிப்படையில் தரப்படுவது சலுகை. ‘இது உன்னுடையது, சிறியதாயினும் பெரியதாயினும்’ என்பதே உரிமை. சட்டத்தில் சொல் இருக்கும்வரை வழக்குமன்றத்தில் அதைப் பயன்படுத்துங்கள், வேறு வழியில்லை. ஆய்வில் அதை நம் சொந்தச் சொல்லாக எழுத வேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

பெயர் மாற்றினால் நிலைமை மாறிவிடுமா என்பது அடுத்த கேள்வி. தானாக மாறாது. ஆனால் பெயருக்கு விளைவு இல்லை என்று அரசே நம்பவில்லை. கம்பு, சோளம், கேழ்வரகு, சாமை, தினை ஆகியவை நீண்ட காலம் ஆங்கில ஆவணங்களில் ‘கரடுமுரடான தானியம்’ என்ற வகையில் கிடந்தன. 2018 ஏப்ரலில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் அவற்றை ‘ஊட்டத் தானியங்கள்’ என்று அறிவிக்கை வெளியிட்டது. சந்தைக்குத் தேவைப்பட்டபோது ஒரே அறிவிக்கையில் பழைய பெயர் போயிற்று. நம் ‘சிறுதானியம்’ என்ற சொல்லில் பிழையில்லை. அந்த மணி உண்மையிலேயே சிறியது. சிறியதைச் சிறியது என்பதில் யாருக்கும் வழக்கில்லை. தாழ்த்தப்பட்டதைச் சிறியது என்பதே வழக்கு.

ஆகவே சக ஆய்வாளர்களிடமும் நெறியாளர்களிடமும் நான் கேட்பவை மிக எளியவை. முதலாவது, பெயரிருக்கும் பொருளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். மகுவா என்றும் தேந்து இலை என்றும் மூங்கில் என்றும் ஆற்று மணல் என்றும் எழுதினால் எந்த ஆய்வும் தரமிழக்காது; வாசகருக்கு எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதாவது தெரியும். இரண்டாவது, வகைப்பாட்டைச் சுட்டியே ஆகவேண்டிய இடத்தில் ‘1957ஆம் ஆண்டுச் சட்டம் மைனர் என வகுத்த’ என்பதுபோல வகுத்தவரைச் சேர்த்து எழுதுங்கள். சொற்கள் கூடும்; கூடட்டும். வகுத்தவர் இல்லாமல் வகைப்பாடு இல்லை. மூன்றாவது, அவ்வகைப்பாட்டில் எதைவிடக் குறைந்தது என்று கூறப்படுகிறது என்பதை ஒரு வரியிலாவது விளக்குங்கள். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர்கள் மேற்கோள் குறியின் இடத்தைப் பற்றிக் காட்டும் கண்டிப்பில் பாதியை இந்தக் கேள்விக்குக் காட்டினால் போதும்.

இளநிலைப் படிப்பிலும் இப்போது ‘மேஜர்’, ‘மைனர்’ என்று பாடங்கள் பிரிக்கப்படுகின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட நான்காண்டுப் பாடத்திட்டச் சட்டகம் அந்தச் சொற்களை மாணவர்களின் அன்றாடப் பேச்சாக்கிவிட்டது. ஒரு மாணவர் தமிழையோ வரலாற்றையோ ‘எனக்கு அது மைனர்தான்’ என்று சொல்லும்போது, பாடத்தின் மதிப்பைச் சொல்கிறாரா, தம் மதிப்பெண் பட்டியலில் அதன் இடத்தைச் சொல்கிறாரா என்பதை அவருக்கு உணர்த்தும் கடமை ஆசிரியருடையது. அந்த வேறுபாட்டை வகுப்பறையில் கற்காதவர், நாளை ஒரு மாவட்ட அலுவலகத்தில் அமர்ந்து ‘சிறு வன மகசூல்’ என்ற தலைப்பிட்ட கோப்பைப் புரட்டும்போது, அதன் தலைப்பிலேயே முடிவைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுவார்.